சர்ட்டிஃபிகேஷன் இருந்தால் முதல் ஐடி வேலை கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை என்று வேலை தேடி அலையும் ஃப்ரெஷர்களும், பணம் கட்டப்போகும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தேர்வுக் கட்டணங்களும் விதிகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சர்ட்டிஃபிகேட் வாங்கினால் வேலை கிடைக்குமா?

நெட்வொர்க், சர்வர், கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்) சப்போர்ட் மாதிரி வேலைகளுக்கு நன்றாகவே உதவும். புரோகிராமிங் வேலைக்கு அனேகமாக உதவாது. உதவுகிற இடத்திலும் அதனால் ஆகிற காரியம் ஒன்றுதான்: ஒரு இடத்துக்கு வந்து குவியும் ரெஸ்யூம்களில் உங்களுடையதை ஹெச்ஆர் எடுத்துப் பார்க்க வைக்கும். நேர்காணலில் உட்கார்ந்த பிறகு எதிரே இருக்கும் இன்ஜினியர் அந்தச் சான்றிதழைப் பெரும்பாலும் பார்க்கவே மாட்டார். அதில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பார்ப்பார். கேள்விகளைக்கூட அதிலிருந்தே எடுப்பார்.

எந்த வேலைக்கு உதவும், எதற்கு உதவாது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

"ஐடி வேலை" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பல வேலைகள் இருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் கோர்ஸில் சேர்வதால்தான் நிறைய பேருடைய பணம் வீணாகிறது.

டெஸ்க்டாப் சப்போர்ட், சர்வீஸ் டெஸ்க், நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் எல்1 (முதல் நிலை சப்போர்ட்), லினக்ஸ் அட்மின், கிளவுட் சப்போர்ட், பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் அனலிஸ்ட் இதெல்லாம் ஒரு பக்கம். இந்தப் பக்கத்தில் சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ, ரெட் ஹேட்டின் லினக்ஸ் சான்றிதழான ஆர்ஹெச்சிஎஸ்ஏ, அமேசான், மைக்ரோசாஃப்ட் கிளவுட் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு. வேலை விளம்பரத்திலேயே "சிசிஎன்ஏ இருந்தால் முன்னுரிமை" என்று போட்டிருப்பார்கள்.

இன்னொரு பக்கம் டெவலப்பர், டெஸ்டிங் வேலைகள். இங்கே புரோகிராம் எழுதச் சொல்லிப் பார்ப்பார்கள். டிசிஎஸ் மாதிரி பெரிய சர்வீஸ் கம்பெனிகள் தங்களுடைய சொந்த நுழைவுத் தேர்வை வைத்துத்தான் ஃப்ரெஷர்களை எடுக்கின்றன. ஜோஹோ பட்டமே கேட்பதில்லை. அங்கே சுற்றுச் சுற்றாகப் புரோகிராம் எழுதவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த மாதிரி இடத்தில் ஜாவா சான்றிதழை நீட்டினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், ஆனால் அதற்காக ஒரு மார்க்கூட ஏறாது. அந்தப் பணத்தையும் நேரத்தையும் தினம் ஒன்றிரண்டு புரோகிராம் போட்டுப் பழகுவதில் செலவழித்தால் பலன் கிடைக்கும்.

டேட்டா அனலிஸ்ட் வேலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி), எக்செல் இரண்டிலும் கை ஓட வேண்டும். மைக்ரோசாஃப்டின் அறிக்கை தயாரிக்கும் மென்பொருளான பவர் பிஐயில் சான்றிதழ் இருந்தால் ஒரு ஓரத்தில் உதவும்.

தெரிந்தவனா என்று நேரில் சோதிக்கத்தான் போகிறார்கள். பிறகு கம்பெனிகள் ஏன் சர்ட்டிஃபிகேட் கேட்கின்றன?

இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது, மாணவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்களின் பொருளையும் சேவையையும் வாங்கி நிறுவித் தரும் கம்பெனிகளுக்கு "பார்ட்னர்" அந்தஸ்து வேண்டும். அந்த அந்தஸ்தில் மேலே போக, சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ஆகவே கையில் சான்றிதழோடு வருகிற ஆள் அந்தக் கம்பெனிக்கு அந்த வகையிலும் தேவைப்படுகிறார்.

அதனால் ஃப்ரெஷர்கள் பெரிய பெயர்களை மட்டும் துரத்த வேண்டாம். இந்த மாதிரி நிறுவித் தரும் கம்பெனிகள் சென்னையிலும் கோவையிலும் நிறைய இருக்கின்றன. சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான். ஆனால் ரேக்கில் நெட்வொர்க் சுவிட்சை மாட்டுவதிலிருந்து கேபிள் இழுப்பதுவரை எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே செய்யவிடுவார்கள்.

யூடியூபில் எல்லோரும் காம்ப்டியா ஏ பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் என்கிறார்களே?

காம்ப்டியா ஒரு அமெரிக்க அமைப்பு. அதன் ஏ பிளஸ் கம்ப்யூட்டர் அடிப்படைக்கான சான்றிதழ், செக்யூரிட்டி பிளஸ் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கானது. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் வேலை தேடுபவர்களுக்காக எடுத்தவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் சைபர் பணிகளில் இருப்பவர்களுக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று 8570 என்ற எண்ணில் ஒரு விதி இருந்தது. இப்போது அதன் இடத்தில் 8140 வந்திருக்கிறது. அந்தத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். அந்தப் பட்டியலில் செக்யூரிட்டி பிளஸ் இருக்கிறது. அங்கே அதற்கு அவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரகடத்திலோ சிறுசேரியிலோ வேலை தேடுகிறவருக்கு அந்த விதியால் ஆவது ஒன்றுமில்லை.

பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஏ பிளஸ் படித்தால் கம்ப்யூட்டர் அடிப்படை ஒழுங்காக மனதில் பதியும். ஆனால் அதற்கு இரண்டு தேர்வு, இரண்டு கட்டணம். பாடத்தை இலவசமாகப் படித்துக்கொண்டு, தேர்வுப் பணத்தை இங்குள்ள விளம்பரங்கள் கேட்கிற சான்றிதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. வளைகுடா நாடுகளுக்கோ மேற்கு நாடுகளுக்கோ போகும் திட்டம் உறுதியாக இருந்தால் அந்த நாட்டு விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

கல்லூரியில் என்பிடெல் முடித்திருக்கிறேன், நான் முதல்வன் கோர்ஸும் முடித்திருக்கிறேன். அது போதாதா?

அவை பயிற்சி முடித்ததற்கான சான்று. நல்ல விஷயம்தான், ரெஸ்யூமில் கட்டாயம் போடுங்கள். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெலில் பாடம் இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐஐடி பேராசிரியர் நடத்திய பாடத்தில் நல்ல மதிப்பெண் என்றால் அதற்குரிய மரியாதை உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மூலமாகவே பல தொழில்நுட்பப் பயிற்சிகள் கிடைக்கின்றன.

ஆனால் சிசிஎன்ஏ போன்றவை வேறு ரகம். கண்காணிப்பில் எழுதும் தேர்வு, தேறாவிட்டால் பணம் போனது போனதுதான். வீடியோவை ஓடவிட்டு வாங்கும் "கோர்ஸ் முடித்தார்" சான்றிதழ் பத்து இருந்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. அந்தப் பத்தையும் ரெஸ்யூமில் அடுக்கினால் நல்லது நடக்காது. படிக்கிறவர், இந்தப் பையன் எதிலும் ஊன்றி நிற்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பி.காம் படித்தேன், இரண்டு வருடம் இடைவெளி வேறு. சர்ட்டிஃபிகேட் அதைச் சரிக்கட்டுமா?

பெரிய கம்பெனிகளில் கஷ்டம். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்று பல இடங்களில் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எந்தச் சான்றிதழும் செல்லாது. கம்ப்யூட்டரே ஒதுக்கித் தள்ளிவிடும், மனிதர் பார்வைக்கே போகாது.

சின்ன, நடுத்தரக் கம்பெனிகளிலும் சப்போர்ட் வேலைகளிலும் நிலைமை வேறு. "இடைவெளியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அப்போது "நெட்வொர்க்கிங் படித்தேன், சிசிஎன்ஏ தேறினேன், இதோ செய்து பார்த்த லேப் (செய்முறைப் பயிற்சி)" என்று காட்ட முடிந்தால் அந்த இடைவெளிக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். வேறு துறையில் படித்தவர்களுக்குச் சான்றிதழ் அதிகம் உதவுவது இப்படித்தான் என்பது என் எண்ணம். இன்ஜினியரிங் முடித்தவரைவிட பி.காம் முடித்தவருக்குத்தான் சிசிஎன்ஏவால் லாபம் அதிகம்.

பன்னிரண்டாவது முடித்தவுடன் வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஹெச்சிஎல்லின் டெக்பீ, ஜோஹோ ஸ்கூல்ஸ் இரண்டையும் விசாரியுங்கள். அங்கே சேர எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

அரசு வேலைக்கு இதெல்லாம் உதவுமா?

உதவாது. தமிழக அரசின் தட்டச்சர் போன்ற பணிகளுக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் "கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்" சான்றிதழ். அது தனிக் கணக்கு.

சரி, ஒன்றே ஒன்று எடுப்பதாக இருந்தால் எது?

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் உங்கள் ஊருக்கு வந்திருக்கும் ஃப்ரெஷர் விளம்பரங்களில் ஒரு முப்பதைத் திறந்து, எந்தச் சான்றிதழ் எத்தனை முறை வருகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு சாயங்காலம் போதும். இன்ஸ்டிட்யூட் கவுன்சிலர் சொல்வதைவிட அந்த நோட்டை நம்பலாம்.

ஒன்றும் பிடிபடாவிட்டால் நெட்வொர்க் பக்கம் போக சிசிஎன்ஏ நல்ல ஆரம்பம். 2020 பிப்ரவரியில் பல பிரிவுகளாக இருந்த சிசிஎன்ஏக்களை ஒன்றாக்கி 200-301 என்ற ஒரே தேர்வாகக் கொண்டுவந்தார்கள். முன்தகுதி எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பப் போக முடியாது, ஆகவே நேரக் கணக்கு முக்கியம். இதில் கற்கும் ரவுட்டிங், சுவிட்சிங், சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிப்பது) பிறகு கிளவுட்டுக்குப் போனாலும் பாதுகாப்புத் துறைக்குப் போனாலும் கூடவே வரும்.

லினக்ஸ் பிடித்தவர்களுக்கு ஆர்ஹெச்சிஎஸ்ஏ. எனக்கு மிகவும் மரியாதை உள்ள தேர்வு இது. இதில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற கேள்வியே கிடையாது. உண்மையான கம்ப்யூட்டரைக் கொடுத்து, பயனரை உருவாக்கு, டிஸ்க்கைப் பிரி, ஃபயர்வாலைத் திற என்று வேலை கொடுப்பார்கள். 300க்கு 210 எடுக்க வேண்டும். நீங்கள் செய்த மாற்றங்கள் ரீபூட் செய்த பிறகும் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் மார்க் இல்லை. மனப்பாடம் செய்து யாரும் இதைத் தேற முடியாது. அந்தக் காரணத்தினாலேயே நேர்காணல் செய்பவர்கள் இதை நம்புகிறார்கள்.

அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர், மைக்ரோசாஃப்டின் ஏஇசட்-900 இரண்டும் அறிமுக நிலை. கிளவுட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நல்லவைதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு கிளவுட் இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பித்தால் கூப்பிட மாட்டார்கள். ஒரு படி மேலே உள்ள சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுவரை போக முடிந்தால் போங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? கடன் வாங்கலாமா?

சிசிஎன்ஏ கட்டணம் 300 டாலர். வரியும் சேர்ந்தால் ஏறத்தாழ 30,000 ரூபாய். கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர். மைக்ரோசாஃப்ட் இந்தியாவுக்குத் தனி விலை வைத்திருப்பதால் ஏஇசட்-900 இவற்றைவிடக் குறைவு. தேறாவிட்டால் மறுபடி முழுக் கட்டணம். சிஸ்கோ ஐந்து நாள், அமேசான் பதினான்கு நாள் கழித்துத்தான் திரும்ப எழுதவிடும்.

குறைக்க வழி உண்டு. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி உள்ள கல்லூரியில் படித்தால், அந்தக் கோர்ஸை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தில் தள்ளுபடிக் கூப்பன் கிடைக்கும். கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், கேட்காமலே விட்டவர்கள் நிறைய. அமேசானில் ஒரு தேர்வு தேறினால் அடுத்ததற்குப் பாதிக் கட்டணம்.

கடன் வாங்கவே வாங்காதீர்கள். நகையை அடகு வைத்து சிசிஎன்ஏ எழுதும் அளவுக்கு அது உறுதியான விஷயம் இல்லை. பணம் இல்லையென்றால் அதே பாடத்தைப் படித்து, லேப் செய்து, ஒரு சப்போர்ட் வேலையில் சேர்ந்து, முதல் சில மாதச் சம்பளத்தில் தேர்வு எழுதுங்கள். சில கம்பெனிகள் தேறியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதும் உண்டு.

டம்ப்ஸ் படித்துத் தேறிவிட்டால் என்ன?

தேர்வுக் கேள்விகளைத் திருடி பிடிஎஃப்பாக விற்பதைத்தான் டம்ப்ஸ் என்கிறார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, மீண்டும் எழுதத் தடை. பிடிபடாவிட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். ரெஸ்யூமில் சிசிஎன்ஏ பார்த்தவுடன் நேர்காணல் செய்பவர் பேப்பரைத் தள்ளி, "192.168.10.0, ஸ்லாஷ் 26. எத்தனை சப்நெட், ஒவ்வொன்றிலும் எத்தனை கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்கலாம்?" என்பார். நான்கு சப்நெட், ஒவ்வொன்றிலும் 62. படித்தவர் அரை நிமிடத்தில் எழுதிவிடுவார். டம்ப்ஸ் ஆசாமி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சான்றிதழே இல்லாதவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்1 நேர்காணலில் என்ன மாதிரி கேட்பார்கள்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். "யூசர் போன் செய்து நெட் வரவில்லை என்கிறார். என்ன செய்வீர்கள்?" இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வரும் கேள்வி.

பலர் உடனே "ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வேன்" என்பார்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் ஒருவருக்காக ரவுட்டரை அணைப்பதா? அங்கேயே மதிப்பெண் போய்விடும். நல்ல பதில் இப்படிப் போகும்: முதலில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நெட் வருகிறதா என்று கேட்பேன். அவருக்கு வந்தால் பிரச்சினை இந்தக் கம்ப்யூட்டரிலோ கேபிளிலோ இருக்கிறது. கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். அப்புறம் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, விண்டோஸ் தானாக ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். முகவரி சரியாக இருந்தால் கேட்வேக்கு (ஆபீஸிலிருந்து வெளியே போகும் வாசலான ரவுட்டருக்கு) பிங் போட்டு பதில் வருகிறதா என்று பார்ப்பேன், அதற்கு வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8க்கு பிங். அதுவும் போய், தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுவேன், அதைச் சோதிக்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைப் போடுவேன்.

இந்த வரிசையில் யோசிப்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் வரிசை சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதே சமயம் வெளிநாட்டு யூசர்களோடு பேசும் சர்வீஸ் டெஸ்க் என்றால் ஆங்கிலத்தில் பேச்சு வந்தே ஆக வேண்டும். அதற்கு எந்தத் தொழில்நுட்பச் சான்றிதழும் ஈடில்லை. தினம் பத்து நிமிடம் மேலே உள்ள பதிலை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

வீட்டில் லேப் வைக்க எவ்வளவு ஆகும்?

கையில் 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் தனியாக எதுவும் ஆகாது. இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள், ராம் கூடுதலாகப் போட இடம் இருக்கிறதா என்று கேட்டு.

நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழக சிஸ்கோ பாக்கெட் டிரேசர் இலவசம். சர்வர் பக்கத்துக்கு, ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாக மைக்ரோசாஃப்டே தருகிறது. அதில் ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸின் பயனர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது) நிறுவி, இன்னொரு விண்டோஸை அதன் டொமைனில் சேர்த்துப் பாருங்கள். முதல் தடவை அனேகமாகச் சேராது. கிளையன்ட்டின் டிஎன்எஸ் முகவரி உங்கள் சர்வரைக் காட்டாமல் வீட்டு ரவுட்டரைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்தால், நேர்காணலில் "நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு உங்களிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்கும்.

கிளவுட்டில் பழகுபவர்கள் கணக்கு திறந்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கை வைத்துவிடுங்கள். நேட் கேட்வே (கிளவுட் சர்வர்களை இணையத்தோடு இணைக்கும் கட்டணச் சேவை) ஒன்றை அழிக்க மறந்தால் நீங்கள் தூங்கும்போதும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடும்.

ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

சான்றிதழின் முழுப் பெயர், தேறிய மாதம், சரிபார்க்கும் இணைப்பு. சிஸ்கோ, அமேசான் இரண்டும் கிரெட்லி என்ற தளம் வழியாக டிஜிட்டல் பேட்ஜ் தருகின்றன, அந்த இணைப்பைக் கொடுங்கள். அதன் கீழேயே செய்து பார்த்ததை எழுதுங்கள்: "மூன்று விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்), இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர் வைத்து பாக்கெட் டிரேசரில் அலுவலக நெட்வொர்க் அமைத்தேன்." இன்னும் தேறவில்லை என்றால் "படித்துக்கொண்டிருக்கிறேன், தேர்வு இன்ன மாதம்" என்று உள்ளபடி எழுதலாம். தேதி பதிவு செய்யாமல் அப்படி எழுதாதீர்கள், கேட்பார்கள்.

ஒரு இன்ஸ்டிட்யூட் "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்கிறது. நம்பலாமா?

பாடம் நன்றாக நடத்தும் இன்ஸ்டிட்யூட்கள் இருக்கின்றன. அங்கே சேருங்கள், பாடத்துக்காக. வேலைக்கு உத்தரவாதம் கொடுக்க இன்ஸ்டிட்யூட்டால் முடியாது, வேலை கொடுப்பது அவர்கள் இல்லை. சேரும் முன் ஒரு டெமோ வகுப்பில் உட்காருங்கள். வேலை கிடைத்தவர்களின் பெயர்களை அவர்கள் சுவரில் ஒட்டியிருந்தால், அதில் இரண்டு பேரை நீங்களே லிங்க்ட்இன்னில் தேடிப் பேசுங்கள்.

"வேலைக்கு டெபாசிட்", "பேக்டோர்", "ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்து வையுங்கள்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. இரண்டு வருட போலி அனுபவம் போட்டுத் தருகிறோம் என்பவர்களும் உண்டு. கம்பெனிகள் பிஎஃப் கணக்கைப் பார்த்தே முந்தைய வேலையைச் சரிபார்க்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தாலும் வெளியே அனுப்புவார்கள், அடுத்த இடத்தில் சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது. வீட்டுக் கஷ்டத்தில் இந்த வலையில் விழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது பதறுகிறது.

வாங்கிய சான்றிதழ் எத்தனை வருடம் செல்லும்?

சிசிஎன்ஏ, ஆர்ஹெச்சிஎஸ்ஏ, அமேசான் சான்றிதழ்கள் மூன்று வருடம். ஏஇசட்-900 காலாவதி ஆகாது. அதற்கு மேல்நிலை மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களை வருடாவருடம் இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். யாராவது எம்சிஎஸ்இ என்ற பழைய மைக்ரோசாஃப்ட் சான்றிதழுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றால் சேராதீர்கள், மைக்ரோசாஃப்ட் அதை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

சிசிஎன்ஏ முடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு அழைப்புகூட வரவில்லை. இனி என்ன செய்வது?

அடுத்த சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அழைப்பே வரவில்லை என்றால் விண்ணப்பிக்கும் இடத்தில்தான் எதையாவது மாற்ற வேண்டும்.

"நெட்வொர்க் இன்ஜினியர்" என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால், அந்த விளம்பரங்களில் பல அனுபவம் கேட்பவை. டெஸ்க்டாப் சப்போர்ட், ஃபீல்டு இன்ஜினியர், சர்வீஸ் டெஸ்க், எல்1 மானிட்டரிங் என்ற பெயர்களிலும் தேடுங்கள். நைட் ஷிஃப்ட்டுக்குத் தயார் என்று ரெஸ்யூமின் மேலேயே போடுங்கள், தயாராக இருந்தால் மட்டும். அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி, கோவையில் சரவணம்பட்டி பக்கம் நடக்கும் வாக்-இன்களுக்கு நேரில் போங்கள். நௌக்ரியில் உங்கள் புரொஃபைலை வாரம் ஒருமுறையாவது திருத்திச் சேமியுங்கள், புதிதாகத் திருத்தியவை தேடலில் மேலே வரும்.

உங்கள் கல்லூரி சீனியர்களில் சப்போர்ட் வேலையில் இருப்பவர்களிடம் வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காமல், "அண்ணா, அக்கா, உங்கள் கம்பெனியில் எல்1 இடம் வந்தால் ரெஃபரல் போட முடியுமா?" என்று ரெஸ்யூமை இணைத்து அனுப்புங்கள். பல கம்பெனிகளில் ரெஃபரல் கொடுத்தவருக்குப் போனஸ் உண்டு, ஆகவே தயங்க வேண்டியதில்லை. இதற்கிடையில் சப்நெட்டிங்கை மறந்துவிடாமல் தினம் நான்கு கணக்கு போட்டுக்கொண்டிருங்கள், வாக்-இன் நடக்கப்போவது பெரும்பாலும் முந்தின நாள் இரவுதான் தெரியவரும்.